தீர்ப்பு சொன்னார்... இரண்டாம் நாள் பதவி போனது! (கானாவின் தலைமை நீதிபதி ஆர்கு கோர்சாவின் கதை)

1963ஆம் ஆண்டு டிசம்பர் 9, திங்கட்கிழமை. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் தலைநகர் அக்ராவில், நாடே எதிர்பார்த்துக் கொண்டிருந்த ஒரு தேசத்துரோக வழக்கில் தீர்ப்பு வெளியானது. நாட்டின் ஜனாதிபதியைக் குண்டு வீசிக் கொல்லச் சதி செய்ததாக ஐந்து பேர் மீது வழக்கு. அவர்களில் இருவர் குற்றவாளிகள், மூவர் நிரபராதிகள் என்று நீதிமன்றம் சொன்னது. விடுதலையான அந்த மூவரும் சாதாரண ஆட்கள் அல்ல. இருவர் மந்திரிகளாக இருந்தவர்கள், ஒருவர் ஆளும் கட்சியின் நிர்வாகச் செயலாளர்.

டிசம்பர் 11, புதன்கிழமை. தீர்ப்பு சொன்ன தலைமை நீதிபதியை ஜனாதிபதி பதவியில் இருந்து நீக்கினார்.

இடையில் இருந்தது ஒரே ஒரு நாள்!

பதவி இழந்தவர் பெயர் சர் கோபினா ஆர்கு கோர்சா. அப்போது அவருக்கு வயது 69. நீக்கியவர் கானாவின் விடுதலை வீரர், ஆப்பிரிக்கா முழுவதும் கொண்டாடப்பட்ட தலைவர் குவாமே நிக்ரூமா. மேலோட்டமாகப் பார்த்தால் "நல்ல நீதிபதி, கெட்ட ஜனாதிபதி" என்று முடிந்துவிடும் கதை போலத் தெரியும். ஆனால் கோர்சாவின் வாழ்க்கையை முதலில் இருந்து பார்த்தால் அது அத்தனை சுலபமான கதை இல்லை.

கடற்கரை ஊரில் இருந்து லண்டன் வரை

இன்றைய கானாவுக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் 'கோல்டு கோஸ்ட்' என்று பெயர். தங்கம் கிடைத்ததால் வந்த பெயர். பிறகு கோகோ பயிரும் அந்த நாட்டைப் பணக்கார காலனியாக ஆக்கியது. அங்கே கடலோரத்தில் உள்ள சால்ட்பாண்ட் என்ற ஊரில் 1894 ஏப்ரல் 3ல் கோர்சா பிறந்தார்.

கேப் கோஸ்ட் நகரில் இருக்கும் புகழ்பெற்ற மஃபன்ட்சிபிம் பள்ளியில் படித்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு சிக்கல். கோல்டு கோஸ்ட்டில் அன்று ஒரு பல்கலைக்கழகம்கூட கிடையாது! மேலே படிக்க வேண்டும் என்றால் கடல் தாண்ட வேண்டும். கோர்சா சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் உள்ள ஃபூரா பே கல்லூரிக்குப் போனார். 1827லேயே தொடங்கப்பட்ட கல்லூரி அது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்ததால் அங்கே படித்தவர்களுக்கு டர்ஹாம் பட்டம் கிடைக்கும். அதன் பிறகு லண்டனில் சட்டம் படித்து, 1919ல் மிடில் டெம்பிள் சங்கத்தில் பாரிஸ்டர் ஆனார்.

தான் பட்ட கஷ்டத்தை கோர்சா மறக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க காலனிகளில் உயர்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1943ல் பிரிட்டிஷ் அரசு எலியட் கமிஷனை அமைத்தது. அதில் ஆப்பிரிக்க உறுப்பினர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் கோர்சா. 1945ல் அறிக்கை வந்தபோது கமிஷன் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் நைஜீரியாவின் இபாதானில் ஒரே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி போதும் என்றது சிறுபான்மை அறிக்கை. நைஜீரியா, கோல்டு கோஸ்ட், சியரா லியோன் மூன்றிலும் வேண்டும் என்றது பெரும்பான்மை அறிக்கை. மூன்று ஆப்பிரிக்கர்களும் கையெழுத்துப் போட்டது பெரும்பான்மை அறிக்கையில்தான். லண்டன் அரசு முதலில் சிறுபான்மை அறிக்கையின் பக்கமே சாய்ந்தது. கோல்டு கோஸ்ட் மக்கள் விடவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் 1948ல் அங்கேயும் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அதுதான் இன்றைய கானா பல்கலைக்கழகம்.

அரசியல்வாதி கோர்சா

கோர்சா நீதிபதியாக ஆனது 1945ல்தான். அதற்கு முன் அவர் வக்கீல், அரசியல்வாதி. 1928 முதல் 1940 வரை கேப் கோஸ்ட் நகரத்தின் பிரதிநிதியாகச் சட்டசபையில் இருந்தார். அன்றைய சட்டசபையில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. மற்றபடி அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும் பாரம்பரியத் தலைவர்களும்தான்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் முக்கியம். 1934ல் காலனி அரசு ஒரு ராஜதுரோகச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அரசுக்குப் பிடிக்காத எழுத்தை எழுதுபவரையும் வைத்திருப்பவரையும் தண்டிக்க வழி செய்யும் சட்டம். இதையும், குடிநீருக்குக் கட்டணம் விதிக்கும் இன்னொரு மசோதாவையும் எதிர்த்து முறையிட ஒரு தூதுக்குழு லண்டனுக்குப் போனது. தலைவர், அக்கிம் அபுவாக்வா பகுதியின் மன்னர் நானா ஓஃபோரி அட்டா. குழுவில் கோர்சா ஒருவர். குழுவின் செயலாளர் ஜே.பி. டன்குவா என்ற இளம் வக்கீல்.

முறையீடு பலிக்கவில்லை, சட்டம் நின்றது. ஆனால் டன்குவா என்ற பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வருவார்.

1942ல் ஆளுநரின் நிர்வாக சபைக்கு முதன்முதலாக இரண்டு ஆப்பிரிக்கர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் ஓஃபோரி அட்டா, மற்றவர் கோர்சா. பிரிட்டிஷ்காரர்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த அறை அது. மூன்று வருடம் கழித்து நீதிபதி நாற்காலி. 1956ல் தலைமை நீதிபதி. அடுத்த ஆண்டு, 1957 மார்ச் 6ல், கோல்டு கோஸ்ட் 'கானா' என்ற பெயரோடு சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டு கவர்னர் ஜெனரல் மாறும் இடைவெளியில் சில மாதங்கள் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்ததும் கோர்சாதான். 1960 ஜூலை 1ல் கானா குடியரசானபோது நிக்ரூமாவுக்கு ஜனாதிபதி பதவிப் பிரமாணம் செய்து வைத்தவரும் அவரே.

ஆக, கோர்சா புரட்சிக்காரர் அல்ல. முறைப்படி படித்து, முறைப்படி மேலே வந்து, விதிகளை மதித்து நடந்த மனிதர். இதை மனதில் வைத்துக் கொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

அக்கோட்டோ வழக்கு: 1961

1958 ஜூலையில் கானா நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று அரசு கருதினால் ஒருவரை விசாரணையே இல்லாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறையில் வைக்கலாம். காரணத்தை ஐந்து நாட்களுக்குள் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் அரசுக்கே மனு எழுதலாம், அவ்வளவுதான். எதிர்க்கட்சிக்காரர்கள் வரிசையாக உள்ளே போனார்கள்.

1959 நவம்பரில் பாஃபூர் ஓசெய் அக்கோட்டோவும் வேறு ஏழு பேரும் கைதானார்கள். அக்கோட்டோ அசாந்தி மன்னரின் தலைமைப் பேச்சாளர். அசாந்தி மரபில் மன்னர் சபையில் நேரடியாகப் பேசமாட்டார், பேச்சாளர் வழியாகத்தான் பேசுவார். அத்தனை பெரிய பதவி. 1954ல் நிக்ரூமாவை எதிர்த்துத் தொடங்கப்பட்ட தேசிய விடுதலை இயக்கத்தின் தலைவரும் அவர்தான்.

எட்டுப் பேருக்காகவும் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை வந்தது. வாதாடிய வக்கீல்? அதே டன்குவா! தலைமை நீதிபதி இருக்கையில்? அதே கோர்சா! 1934ல் அடக்குமுறைச் சட்டத்தை எதிர்த்து ஒன்றாகக் கப்பலேறிப் போன இருவர், 27 வருடம் கழித்து இன்னொரு அடக்குமுறைச் சட்டத்தின் முன்னால் எதிரெதிரே.

டன்குவாவின் முக்கிய வாதம் இதுதான். 1960 அரசியலமைப்புச் சட்டத்தின் 13வது ஷரத்துப்படி ஜனாதிபதி பதவியேற்கும்போது ஓர் உறுதிமொழி எடுக்கிறார். பேச்சுரிமை, நடமாடும் உரிமை, நீதிமன்றத்தை அணுகும் உரிமை ஆகியவை யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை ஏற்பதாக அதில் சொல்கிறார். அப்படியானால் விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கும் சட்டம் எப்படிச் செல்லும்?

1961 ஆகஸ்ட் 28ல் கோர்சா தீர்ப்பை வாசித்தார். அந்த உறுதிமொழி இங்கிலாந்து அரசரின் முடிசூட்டுப் பிரமாணம் போன்றது, ஜனாதிபதியின் மனசாட்சியைக் கட்டுப்படுத்துமே தவிர நாடாளுமன்றத்தின் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது என்றது தீர்ப்பு. ஜனாதிபதி கொள்கையை மீறினால் மக்களுக்கு இருக்கும் பரிகாரம் வாக்குப்பெட்டி, நீதிமன்றம் அல்ல என்றும் சொன்னது. மனு தள்ளுபடி.

சட்டப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1941ல் இங்கிலாந்தின் உச்ச மன்றமே 'லிவர்சிட்ஜ் எதிர் ஆண்டர்சன்' வழக்கில், காவலில் வைக்கும் மந்திரியின் முடிவை நீதிமன்றம் தோண்டிப் பார்க்க முடியாது என்று சொல்லியிருந்தது. கோர்சா அந்த வழியில் போனார். கானாவின் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயமும் கிடையாது. ஆனால் இங்கிலாந்தில் அப்போது நடந்து கொண்டிருந்தது உலகப் போர். கானாவில் போர் எதுவும் இல்லையே!

தீர்ப்பு வந்து சில வாரங்களில் செகொண்டி-தகொராடியில் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1961 ஜூலை பட்ஜெட்டில் சம்பளத்தில் கட்டாயச் சேமிப்பு பிடிக்கப்பட்டதுதான் முக்கியக் காரணம். அரசு மீண்டும் கைது படலத்தைத் தொடங்கியது. அக்டோபர் 3ல் வக்கீல் டன்குவாவே கைதானார். எந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடித் தோற்றாரோ அதே சட்டத்தின் கீழ்!

அந்த ஆண்டு இறுதியில் இன்னொரு சட்டமும் வந்தது. அரசுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கத் தனி நீதிமன்றம். மூன்று நீதிபதிகள். ஜூரி கிடையாது. மேல்முறையீடு கிடையாது.

குலுங்குகு குண்டு: 1962

1962 ஆகஸ்ட் 1. நிக்ரூமா பக்கத்து நாடான அப்பர் வோல்டாவில் (இன்றைய புர்கினா ஃபாசோ) ஜனாதிபதி யமேயோகோவைச் சந்தித்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தார். வடக்கு எல்லையை ஒட்டிய குலுங்குகு என்ற கிராமத்தில் வரவேற்பு. அங்கே குண்டு வெடித்தது. நிக்ரூமா காயத்தோடு தப்பினார். கூட்டத்தில் உயிர்ப்பலி ஏற்பட்டது.

அந்த மாத இறுதியில் மூன்று பெரிய தலைகள் கைதாகின. தகவல் துறை மந்திரி தாவியா அடமாஃபியோ, வெளியுறவு மந்திரி அகோ அட்ஜெய், கட்சியின் நிர்வாகச் செயலாளர் கோஃபி கிராப். இவர்களோடு எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஓட்செரே, மானு இருவரும் சேர்த்து வழக்குத் தொடரப்பட்டது.

1963 ஆகஸ்டில் தனி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. நீதிபதிகள் கோர்சா, வான் லேர், எட்வர்டு அகுஃபோ-ஆடோ.

இங்கே வரலாறு செய்த விளையாட்டைப் பாருங்கள். 1948ல் ஆங்கிலேய அரசு கலவரத்தைத் தூண்டியதாக ஆறு தலைவர்களைக் கைது செய்தது. கானா வரலாற்றில் 'பெரிய அறுவர்' என்று அவர்களைச் சொல்வார்கள். நிக்ரூமா, டன்குவா, அகோ அட்ஜெய், அகுஃபோ-ஆடோ, ஒபெட்செபி-லாம்ப்டே, வில்லியம் ஓஃபோரி அட்டா. பதினைந்து வருடம் கழித்து அந்த அறுவரில் ஒருவர் ஜனாதிபதி மாளிகையில், ஒருவர் நீதிபதி இருக்கையில், ஒருவர் குற்றவாளிக் கூண்டில்! அதுவும் அகோ அட்ஜெய் யார்? 1947ல் லண்டனில் இருந்த நிக்ரூமாவை "இவரைக் கட்சிச் செயலாளராகக் கூப்பிடுங்கள்" என்று பரிந்துரை செய்து தாய்நாட்டு அரசியலுக்கு வரவழைத்தவரே அவர்தான்.

மூவருக்கும் எதிராக நேரடிச் சாட்சியம் பலமாக இல்லை. பயணத்தின்போது ஜனாதிபதியோடு ஒட்டாமல் விலகி விலகி நின்றார்கள், வேறு காரில் வந்தார்கள் என்பது போன்ற சந்தர்ப்பச் சாட்சியங்களே முக்கியமாக இருந்தன. சந்தேகப்பட இது போதும். தூக்கில் போடப் போதுமா?

போதாது என்றது நீதிமன்றம். ஓட்செரே, மானு இருவருக்கும் மரண தண்டனை. அடமாஃபியோ, அகோ அட்ஜெய், கோஃபி கிராப் மூவரும் நிரபராதிகள்.

கவனியுங்கள். இந்தத் தீர்ப்பில் கோர்சா எந்தப் புரட்சியும் செய்யவில்லை. அரசு உருவாக்கிய நீதிமன்றம், அரசு வகுத்த விதிகள், அரசு கொண்டு வந்த சாட்சிகள். அதற்குள்ளேயே நின்று, சாட்சியம் எங்கே பலமாக இருந்ததோ அங்கே தண்டனை, எங்கே பலவீனமாக இருந்ததோ அங்கே விடுதலை. ஒரு நீதிபதி தினமும் செய்ய வேண்டிய வேலை அது. அந்த வேலையைத்தான் அரசால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரே ஒரு வரி

நிக்ரூமா கோர்சாவை நீக்கியது சட்டவிரோதம் என்று பலர் நினைக்கலாம். இல்லை! அதுதான் இந்தக் கதையின் மிக முக்கியமான இடம்.

1960 அரசியலமைப்பில் நீதிபதிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்க வேண்டும் என்றால் தவறான நடத்தை அல்லது இயலாமை என்று காரணம் காட்டி, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அதற்கு முந்தைய 44வது ஷரத்தில் ஒரு சின்ன உட்பிரிவு. தலைமை நீதிபதியாக ஒருவரை நியமித்ததை ஜனாதிபதி எப்போது வேண்டுமானாலும் தன் முத்திரையிட்ட ஆணையால் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டாம். யாரையும் கேட்க வேண்டாம்.

அதாவது மற்ற நீதிபதிகளின் கதவுக்குப் பூட்டு இருந்தது, தலைமை நீதிபதியின் கதவு மட்டும் திறந்தே கிடந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் 1963 டிசம்பர் 11ன் ஆணை உள்ளே வந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரை இயக்குநர்கள் நினைத்த நேரத்தில் நீக்கலாம் என்று வைத்துக் கொள்வோம். அந்த ஆடிட்டர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் அறிக்கைக்கு என்ன மதிப்பு? நேர்மையான அறிக்கை ஒருமுறை வரும். அடுத்த ஆண்டு வேறு ஆடிட்டர் வருவார். அதனால்தான் ஆடிட்டரை இடையில் நீக்குவதைக் கம்பெனி சட்டங்கள் கடினமாக்கி வைத்திருக்கின்றன. கானாவின் 1960 அரசியலமைப்பு தலைமை நீதிபதிக்கு அந்தப் பாதுகாப்பைக்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்தடுத்து விழுந்த கதவுகள்

நீதிபதியை நீக்கியாயிற்று. தீர்ப்பு அப்படியே இருக்கிறதே! டிசம்பர் 23ல் நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. நாட்டின் நலனுக்குத் தேவை என்று ஜனாதிபதி கருதினால் தனி நீதிமன்றத்தின் தீர்ப்பைச் செல்லாததாக்கலாம். அந்த மாதம் முடிவதற்குள் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. விடுதலை என்று கேட்ட மூவரும் சிறைக்கு வெளியே வரவே இல்லை.

1964 ஜனவரி 2ல் ஜனாதிபதி மாளிகையில் ஒரு போலீஸ்காரர் நிக்ரூமாவைச் சுட முயன்றார். பாதுகாவலர் சலிஃபு டகார்ட்டி குறுக்கே வந்து உயிரை விட்டார். நிக்ரூமாவின் பயம் கற்பனையானது அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. அந்த ஜனவரியில்தான் டன்குவா இரண்டாவது முறையாகக் கைதானார்.

அதே மாத இறுதியில் பொது வாக்கெடுப்பு. கானா ஒரு கட்சி நாடாக வேண்டுமா? ஜனாதிபதி தமக்குப் போதுமானதாகத் தோன்றும் காரணத்துக்காக நீதிபதிகளை நீக்கும் அதிகாரம் பெற வேண்டுமா? ஆதரவு 27,73,920 வாக்குகள். எதிர்ப்பு 2,452. அதாவது 99.91 சதவீதம் ஆதரவு என்று அரசு அறிவித்தது! மற்ற நீதிபதிகளின் பூட்டும் உடைந்தது. அகுஃபோ-ஆடோ அந்த ஆண்டே நீக்கப்பட்டார்.

மறுவிசாரணை புதிய தலைமை நீதிபதி சார்கோடீ-ஆடோ முன்னிலையில், பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியோடு நடந்தது. 1965 பிப்ரவரியில் ஐவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. ஐவருக்கும் மரண தண்டனை. நிக்ரூமா அதை 20 ஆண்டு சிறையாகக் குறைத்தார்.

அதே 1965 பிப்ரவரி 4ல், நசாவம் சிறையில் டன்குவா இறந்தார். எந்த விசாரணையும் இல்லாமல் அடைக்கப்பட்டிருந்தவர். பரிகாரம் நீதிமன்றத்தில் இல்லை, வாக்குப்பெட்டியில் இருக்கிறது என்று 1961ல் கோர்சா சொன்னது அவருக்குத்தான். அந்த ஆண்டு ஜூனில் கானாவில் தேர்தலும் வந்தது. 198 தொகுதிகளிலும் ஆளும் கட்சி வேட்பாளர்கள் போட்டியின்றித் தேர்வு! ஒரு வாக்குப்பெட்டிகூடத் திறக்கப்படவில்லை.

அதன் பிறகு

1966 பிப்ரவரி 24ல் நிக்ரூமா வெளிநாட்டில் இருந்தபோது ராணுவமும் போலீசும் ஆட்சியைப் பிடித்தன. தடுப்புக் காவல் கைதிகள் வெளியே வந்தார்கள். அடமாஃபியோ, அகோ அட்ஜெய், கோஃபி கிராப் மூவரும் அந்த ஆண்டில் விடுதலை ஆனார்கள். கோர்சாவோடு அமர்ந்து தீர்ப்பு சொன்ன அகுஃபோ-ஆடோ தலைமை நீதிபதி ஆனார். பிறகு 1970 முதல் 1972 வரை நாட்டின் ஜனாதிபதியாகவும் இருந்தார். அவருடைய மகன் நானா அகுஃபோ-ஆடோ 2017 முதல் 2025 வரை கானாவின் ஜனாதிபதி.

கோர்சா இதையெல்லாம் கொஞ்சம்தான் பார்த்தார். 1967 ஜனவரி 25ல் காலமானார்.

நிக்ரூமாவை வெறும் கொடுங்கோலனாகப் பார்ப்பதும் சரியல்ல. டெமா துறைமுகம், அகோசொம்போ அணை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கல்வித் திட்டம் எல்லாம் அவருடைய காலத்தில் வந்தவை. உயிருக்குக் குறி வைக்கப்பட்ட மனிதர் அவர். ஆனால் பயந்துபோன ஆட்சியாளருக்கும் நாட்டுக்கும் நடுவில் நிற்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது. பயம் இல்லாத காலத்தில் நீதிமன்றம் சுதந்திரமாக இருப்பது பெரிய விஷயமா என்ன?

கானா இந்தப் பாடத்தை ஒரே நாளில் கற்கவில்லை. 1982 ஜூன் 30 இரவு, ராணுவ ஆட்சிக் காலத்தில், மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளும் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும் வீட்டில் இருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். சிசிலியா கொரான்டெங்-அடோ, ஃபிரெட் சார்கோடீ, குவாட்வோ அக்யெய் அக்யெபோங் ஆகியோரே அந்த நீதிபதிகள். கானாவின் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளை நினைவு நாளாக அனுசரிக்கிறார்கள்.

1992 அரசியலமைப்பு அந்தத் திறந்த கதவை மூடியது. அதன் 146வது ஷரத்துப்படி தலைமை நீதிபதியை ஜனாதிபதி நினைத்தவுடன் நீக்க முடியாது. புகார் மனு வர வேண்டும், ஐந்து பேர் குழு விசாரிக்க வேண்டும், குழு பரிந்துரைக்க வேண்டும். 2025ல் தலைமை நீதிபதி கெர்ட்ரூட் டொர்கோர்னூ ஏப்ரலில் இடைநீக்கம் செய்யப்பட்டு, குழுவின் அறிக்கைக்குப் பிறகு செப்டம்பரில் ஜனாதிபதி மஹாமாவால் நீக்கப்பட்டார். 1992 அரசியலமைப்பின் கீழ் இப்படி நீக்கப்பட்ட முதல் தலைமை நீதிபதி அவர். அது சரியா தவறா என்று கானாவில் கடுமையான விவாதம் நடந்தது. ஆனால் விவாதிக்க மாதக்கணக்கில் நேரம் இருந்தது, நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போட வழி இருந்தது. கோர்சாவுக்குக் கிடைத்தது ஒரு நாள் இடைவெளி.

கோர்சாவை எப்படி நினைப்பது?

1963ன் கோர்சாவை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை வீரர் என்று கொண்டாடுவது எளிது. 1961ன் கோர்சாவை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைக் குறை சொல்வதும் எளிது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

இரண்டு முறையும் அவர் செய்தது ஒன்றே. முன்னால் இருந்த சட்டத்தை எடுத்துப் படித்து, அது சொல்வதாகத் தனக்குப் பட்டதைச் சொன்னார். முதல்முறை அது அரசுக்குச் சாதகமாக இருந்தது, அவர் பதவியில் இருந்தார். இரண்டாம் முறை பாதகமாக இருந்தது, பதவி போனது. நல்ல நீதிபதி ஒருவர் கிடைப்பது ஒரு நாட்டின் அதிர்ஷ்டம். ஆனால் அவர் தீர்ப்பு நிலைக்க வேண்டுமானால் அதைச் சொன்ன மறுநாளும் அவர் அந்த நாற்காலியில் உட்கார வழி இருக்க வேண்டும். அதை அரசியலமைப்பில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், ஆபத்து வந்த பிறகு எழுத முடியாது.

1961ல் எட்டுப் பேர் கோர்சாவின் வாசலில் வந்து கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். ஒரு மனிதரின் விருப்பத்துக்கு எல்லை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. இரண்டு வருடம் கழித்து அதே பதில் கோர்சாவின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.